தண்ணீரில் சுவாதீனம்

பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கல்லறைகளிலிருந்து தொடங்குகிறார்கள். டச்சுக்காரர்களின் இடுகாடு இன்னும் நிற்கிறது. தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். செத்தவர்களின் பெயரும் தேதியும் கல்லில் தெளிவாக இருப்பதால் சரித்திரம் எழுதுபவனுக்கு அங்கே சிரமம் குறைவு. எனக்கு வேறோர் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று வெகு நாளாக எண்ணம். இந்த ஏரிக்கரையில் வழக்கு என்று ஒன்று வந்தால் மனிதர்கள் எங்கே போனார்கள், போன இடத்தில் அவர்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பதிலிருந்து.

என் தாயாரின் ஊர் தோணிரேவு. எழுபதுகளின் இறுதியில், கல்லூரி விடுமுறையில் அங்கே இருந்தபோது, பக்கத்துக் குப்பத்துப் பெரியவர் ஒருவர் வந்து, "நைனா, நீ கூட வா. காயிதத்துல இன்னா எழுதறாங்கன்னு நீ பாத்துக்கணும்" என்று என்னைப் பொன்னேரிக்கு அழைத்துப் போனார். அவர்கள் முறை நாளில், அவர்கள் வலை கட்டும் இடத்தில், வேறொரு குப்பத்தார் கழி நட்டுவிட்டார்கள். வலை அறுந்தது. ஒருவருக்கு மண்டை உடைந்தது. போலீஸ் வந்து போயிற்று. விஷயம் "கோர்ட்டுக்குப் போகிற அளவுக்கு" முற்றிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் பயமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பொன்னேரி கோர்ட்டு வாசலை அன்றுதான் முதலில் பார்த்தேன். எல்லாத் தாலுகா தலைநகரங்களிலும் உள்ளதுதான். மரத்தடியில் டைப் அடிக்கிறவர், முத்திரைத்தாள் விற்பவர், கறுப்புக் கோட்டின் கீழே செருப்பில்லாமல் ஓடும் குமாஸ்தா, டீக்கடை, வாய்தா வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களின் முகம். டவாலி மூன்று தரம் ஒரு பெயரைக் கூவினான். பெரியவர் கூர்ந்து கேட்டுவிட்டு, "நம்ப ஏலக்காரன் மாதிரியே கூவறான்" என்றார். சித்திரையில் இந்த ஊரில் சிவனும் பெருமாளும் வீதியில் சந்தித்துக்கொள்வார்கள். அதைப் பார்க்க அவர் பல தடவை வந்திருக்கிறார். கோர்ட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

வக்கீல் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். சிவில் வழக்குப் போடலாம், ஊர் முழுவதற்குமாகச் சிலர் முன்நின்று, சிவில் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் வழக்கம் என்று சொன்னால் அது தொன்றுதொட்டது, நிச்சயமானது, இடையறாதது, நியாயமானது என்று நான்கையும் நிரூபிக்க வேண்டும். வருஷக்கணக்கில் ஆகும் என்றார். அடிதடி நடந்திருப்பதால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-வது பிரிவில் நிர்வாக மாஜிஸ்திரேட்டிடம் போவதுதான் சீக்கிரம் என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்:

"பெரியவரே, அந்த இடம் உங்க சுவாதீனத்துல இருந்ததா?"

"இருந்துச்சு சாமி. எங்க நாள்ல."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல அவங்க நாளு."

வக்கீல் பேனாவை மூடினார்.

இந்த நாலு வரிச் சம்பாஷணையைத்தான் இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். 145-வது பிரிவைப் பின்னால் நானே படித்துப் பார்த்தேன். நிலம் அல்லது நீர் பற்றிய தகராறில் அமைதி குலையும் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால் இரு தரப்பையும் அழைக்கலாம். 'நிலம் அல்லது நீர்' என்பதில் கட்டிடம், சந்தை, விளைச்சல் இவற்றோடு மீன்பிடி இடமும் அடங்கும் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. யாருக்கு உரிமை என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. யார் கையில் இருந்தது என்று மட்டும்தான் கேட்கும். உரிமையைப் பேசத் தகுந்த கோர்ட்டு வேறு. மாஜிஸ்திரேட்டின் வேலை, அதுவரை மண்டை உடையாமல் பார்த்துக்கொள்வது. 1898-ம் ஆண்டுச் சட்டத்திலும் இதே பிரிவு, 1973-ம் ஆண்டுச் சட்டத்திலும் இதே பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் எண் 164 ஆயிற்று, கேள்வி மாறவில்லை.

நிலத்துக்குப் பொருத்தமான கேள்விதான். நிலத்தில் ஒருவன் ஏர் பூட்டினால் இன்னொருவன் அதே நாளில் பூட்ட முடியாது. பூட்டியவன் சுவாதீனத்தில் இருக்கிறான். பாடு என்ற ஏற்பாட்டின் உயிரே, ஒருவர் கையிலும் நிலையாக இருக்கக்கூடாது என்பதில் இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டம் இறாலைக் கொண்டுவந்து சேர்க்கிற சில இடங்கள் மட்டுமே நல்ல இடங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் அங்கே கட்டினால் யாருக்கும் கிடைக்காது. ஆகவே ஊருக்கு நாள், ஆளுக்குச் சீட்டு. இன்று எனக்கு விழுந்த இடம் நாளை உனக்கு. இதில் 'யார் சுவாதீனம்' என்று கேட்டால் எல்லாருடையதும் என்பதும் யாருடையதும் இல்லை என்பதும் ஒருசேர உண்மை.

ஒன்றைச் சொல்லாவிட்டால் சட்டத்துக்கு அநியாயம் செய்தவனாவேன். 147-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நீரைப் பயன்படுத்தும் உரிமை பற்றியது. குறிப்பிட்ட பருவங்களிலோ சமயங்களிலோ மட்டும் செல்லும் உரிமையானால், கடைசியாக வந்த அந்தச் சமயத்தில் பயன்படுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும் என்று அதில் வாசகம். முறை என்பது சட்டத்துக்கு முற்றிலும் அந்நியம் இல்லை; ஒரு சின்ன வாசல் திறந்துதான் இருந்தது. அன்று அதை யாரும் தட்டவில்லை.

மாஜிஸ்திரேட் என்ன செய்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் கரையில் இருந்த பழைய நீதி ஸ்தலத்துக்குப் போக வேண்டும். அது இன்று புதர் மண்டிய மேடு.

1610-ல் வேங்கடபதி ராயரின் இசைவு பெற்று டச்சுக் கம்பெனி இங்கே பண்டகசாலை வைத்தது. சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியர் வந்து தாக்கினார்கள். 1613-ல் கோட்டை எழுந்தது. பெயர் கெல்ட்ரியா. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமை இடம் இதுதான். கவர்னர் இங்கே; வெடிமருந்து இங்கே தயாராயிற்று; கம்பெனியின் நீதி சபையும் இங்கே. வழக்குத் தொடர 'பிஸ்கல்' என்ற அதிகாரி. கம்பெனிக்குத் தெரியாமல் சொந்த வியாபாரம் செய்த குமாஸ்தா, குடித்துவிட்டுக் கத்தி எடுத்த சிப்பாய், மரணசாசனம், அநாதைச் சொத்து, இவைதான் அப்படிப்பட்ட சபைகளின் அன்றாட விவகாரங்கள். 1642-ல் பட்டாவியாவில் தொகுத்த சட்டங்கள் கம்பெனியின் ஆசியத் துறைமுகங்களுக்கெல்லாம் வழிகாட்டி.

அதே துறைமுகத்திலிருந்து பஞ்ச காலங்களில் மனிதர்கள் கப்பலேற்றப்பட்டுப் பட்டாவியாவில் விற்கப்பட்டார்கள் என்பதும் சரித்திரம். டச்சு உலகில் அடிமையை விற்கப் பத்திரம் எழுதுவது வழக்கம். விற்கப்பட்டவனுக்கு எழுத்தில் ஒரு ஆதாரம் உண்டு. கரையிலேயே நின்று வலை வீசியவனுக்கு அதுகூட இல்லை.

1630-களில் இங்கே பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோகேரியுஸ் பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயப் பழக்கங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1651-ல் லெய்டனில் அச்சாயிற்று. ஐரோப்பியர் எழுதியவற்றில் அக்காலத்துக்கு மிக நிதானமானது என்று மதிக்கப்படுகிற நூல். பிராமணரிடம் கேட்டதால் பிராமணர் வழக்கம் கிடைத்தது. கோட்டைச் சுவரிலிருந்து கல்லெறி தூரத்தில் குப்பம். அங்கே எழுதத் தெரிந்தவனும் இல்லை, கேட்க வந்தவனும் இல்லை.

டச்சுக்காரர்கள் வழக்கத்தை எழுதிவைக்கத் தெரியாதவர்கள் அல்லர். கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்தில் 1707-ல் திசாவை கிளாஸ் ஈசாக்ஸ் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்தார். தமிழில் பெயர்த்து, பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். அதுதான் தேசவழமை. 1806-ல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றார்கள். இன்றும் யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து, சீதனம் முதலியவற்றில் கோர்ட்டு அதைத்தான் பார்க்கிறது. அங்கே கம்பெனி நிலத்தை ஆண்டது. வரி வாங்க வேண்டியிருந்தது. ஆகவே வழக்கம் தெரிய வேண்டியிருந்தது. இங்கே துணி வாங்கினால் போதும். நாடாள்பவனுக்கு வழக்கம் வேண்டும், வியாபாரிக்கு விலை போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான், ஆவணத்தில் எழுதியிருப்பதல்ல.

1781-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், 1795-ல் மறுபடி பிடித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டையைத் தகர்த்தார்கள். 1818-ல் ஊர் மீண்டும் டச்சுக்காரர் கைக்கு வந்தது. 1825-ல் நிரந்தரமாக ஆங்கிலேயரிடம் போயிற்று. எஞ்சியது மேடும் அகழியின் தடமும். பக்கத்துக் குப்பத்துக்கு இன்றும் கோட்டைக்குப்பம் என்றுதான் பெயர்.

அதற்குப் பின் பெரிய நியாயஸ்தலம் என்றால் பட்டணம்தான். சென்னை உயர்நீதிமன்றம் 1862-ல் ஏற்பட்டது. நாம் பார்க்கிற சிவப்புக் கட்டிடம் 1892-ல் திறக்கப்பட்டது. அதன் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்தது. நீதிமன்றத்தின் தலையில் கலங்கரை விளக்கை வைத்த தேசம் வேறு எங்காவது இருக்கிறதா, தெரியவில்லை. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் குண்டு வீசியபோது ஒன்று அந்த வளாகத்துச் சுவரில் விழுந்தது, கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். வடக்கே கடலில் தொழில் செய்தவர்களுக்கு அது திசை காட்டும் விளக்காகத்தான் இருந்தது. கீழே உள்ளே நடப்பது வேறு விஷயம். 1904-ல் வெளியான அறிக்கைத் தொகுதியில் அன்னக்குமாரு பிள்ளை வழக்கு இருக்கிறது. பாக் விரிகுடாவின் சங்குப் படுகைகள் யாருடையவை என்ற கேள்வி. தண்ணீருக்கு அடியில் கிடப்பதற்கும் உடைமைக்காரன் உண்டு என்று ராமநாதபுரத்துக் கடலில் அன்றே விவாதித்தார்கள். படுகை நகராது, அதற்கு எல்லை கட்டலாம். ஓடும் தண்ணீரில் சுழலும் முறைக்கு எப்படி எல்லை கட்டுவது?

எல்லைகள் மாறியதும் உண்டு. ரேவு என்றால் தெலுங்கில் படகுத்துறை. தோணிரேவு என்ற பெயரே இரண்டு பாஷையிலும் ஒவ்வொரு காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில். 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்து, 1960 ஏப்ரல் 1-ல் எல்லைகள் திருத்தப்பட்டபோது பொன்னேரித் தாலுகாவிலிருந்து சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின. ஒரே ராத்திரியில் அவர்களுக்குக் கோர்ட்டு மாறிற்று, கோர்ட்டின் பாஷையும் மாறிற்று. 1997-ல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்து திருவள்ளூர் வந்தது. மீனுக்கு இதெல்லாம் தெரியாது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் மீன்காரனுக்குத் தெரியும். ஏரி நடுவில் அந்த மாநிலத்துப் படகும் இந்த மாநிலத்துப் படகும் மோதினால் எந்த ஸ்டேஷன் என்பது அவனுக்கு உயிர்ப் பிரச்சினை.

இப்போது மாஜிஸ்திரேட்டின் உத்தரவு. இரு தரப்பும் தங்கள் சுவாதீனம் என்றார்கள். இரு தரப்பிடமும் காகிதம் இல்லை. அதிகாரிக்கு 146-வது பிரிவு கைகொடுத்தது. யார் சுவாதீனம் என்று தீர்மானிக்க முடியாதபோது, தகுந்த கோர்ட்டு முடிவு செய்யும் வரை பொருளை ஜப்தி செய்யலாம். ஆக, தண்ணீரை ஜப்தி செய்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தமுக்கு அடித்துச் சொன்னார்கள். மீன் வரும் காலம் அது. இரு குப்பங்களிலும் அடுப்பு எரியவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் கோயில் முன்னால் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். இரவு தொடங்கி விடியும் வரை பேச்சு. நான் தூரத்தில் இருந்தேன். உள்ளே போக எனக்குத் தகுதி இல்லை. யார் எப்போது கழி நட்டான், யார் பாட்டன் காலத்தில் எந்த ஊருக்கு எத்தனை நாள், போன மழைக்கு யார் படகு யாரைக் கரை சேர்த்தது, எல்லாம் சாட்சியம். கோர்ட்டில் இவற்றில் பாதி 'சம்பந்தமில்லை' என்று தள்ளுபடியாகும். முடிவில் அபராதம் விதித்தார்கள். மண்டை உடைந்தவருக்கு வைத்தியச் செலவு. நாள்கள் மறுபடி பங்கிடப்பட்டன. சீட்டை எழுதப்படிக்கத் தெரியாத ஒரு சிறுவன் எடுத்தான். கோர்ட்டுக் கட்டில் வாய்தா ஓடிக்கொண்டே இருந்தது. இரு தரப்பும் ஆஜராகாமல் ஒரு நாள் அது முடிந்துபோயிற்று.

இதைச் சொல்லி, பார்த்தீர்களா, கட்டிடம் இல்லாத கோர்ட்டே நல்ல கோர்ட்டு என்று முடித்துவிட ஆசைதான். கிராமப் பஞ்சாயத்தைக் கொண்டாடும் கட்டுரைகள் தமிழில் நிறைய வந்துவிட்டன. அந்த வரிசையில் இதைச் சேர்க்க எனக்கு மனமில்லை. நான் ஏன் தூரத்தில் நின்றேன்? பாட்டில் பங்கு பட்டினவர் சாதியில், திருமணமான, தலைக்கட்டு என்று ஏற்கப்பட்ட ஆண்களுக்கு. தமிழகப் பகுதியில் பாட்டு ஊர்கள் என்று ஆய்வாளர்கள் எழுதுபவை கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம். என் தாயாரின் ஊர் அதில் இல்லை. இறால் ஏற்றுமதிக்குப் போய் விலை ஏற ஏற, இந்த வரிசைக்கு வெளியே நிற்பவர்களின் கோபமும் ஏறிற்று. முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தபடி, பனையோலைக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு எந்த நாள், எந்தச் சீட்டு? அவளுக்குக் கோயில் வாசலும் இல்லை, பொன்னேரி வாசலும் இல்லை. ஆனால் ஒன்று: பொன்னேரி வாசலில் அவள் பெயரையும் டவாலி மூன்று தரம் கூவித்தான் ஆகவேண்டும். கோயில் முன்னால் அவள் பெயரைக் கூவ ஒருவரும் இல்லை. என் தாயாரிடம் இதைச் சொன்னபோது, "கூவினா மட்டும் பஸ்ஸுக்குக் காசு யார் தருவாங்க?" என்று கேட்டாள்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. நீர்கொழும்புக் களப்பில் இதேபோல் கழி நட்டுக் கட்டும் வலைக்கு நான்கு மீனவர் சங்கங்கள் சீட்டெடுத்து முறை பங்கிடுகின்றன. 1958-ல் இலங்கை அரசு அதை விதிகளாகவே பிரசுரித்தது. கரைவலைக்கு அந்த நாட்டில் 'பாடு' என்ற சொல்லே சட்டத்தின் சொல். எழுதியதால் உள்ளே இருப்பவர்களின் பிடி இன்னும் இறுகும் என்று வாதிடலாம். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் எழுதியதைத் திருத்தச் சொல்லிக் கேட்க முடியும். எழுதாததை எங்கே போய்க் கேட்பது?

இந்த ஏரியின் பெயர் நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டில் ஒரு முறை உரக்கச் சொல்லப்பட்டது. கிராம சுயராஜ்ய இயக்கத்தின் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது தீர்ப்பளித்தார்கள். சிலிகா, பழவேற்காடு இரண்டு ஏரிகளிலிருந்தும் 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது. 1997 மார்ச் 31-க்குள் இடித்து அகற்ற வேண்டும். அந்தத் தீர்ப்பு ஏரிக்குக் கிடைத்தது. பின்னர் 2005-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதன் வேகத்தைத் தணித்தது. டெல்லியில் ஏரிக்கு உரிமை பேச ஆள் இருந்தது, நல்லதுதான். ஏரிக்குள் யார் எந்த நாளில் நிற்கலாம் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

பெரியவர் இறந்து வெகு காலம் ஆயிற்று. சில வருஷங்களுக்கு முன் அவர் மகன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து, "இது இன்னான்னு பாரு அண்ணே, எடைக்குப் போடலாமா" என்றான். ஜப்தி உத்தரவின் நகல். மடிப்பில் கிழிந்து, உப்புக் காற்றில் பழுத்திருந்தது. கடைசியில் சொத்து விவரம், வழக்கம்போல் நான்கு எல்லையோடு. நான் சத்தமாக வாசித்தேன். கிழக்கே தண்ணீர். மேற்கே தண்ணீர். வடக்கே தண்ணீர். தெற்கே தண்ணீர்.

"எந்த எடம் இது?" என்று கேட்டான். அவன் அப்பா எனக்கு ஒருமுறை காட்டியிருந்த இடத்தைச் சொன்னேன். அவன் அந்தத் திசையில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முகத்துவாரம் எப்போதோ நகர்ந்துவிட்டது, அங்கே இப்போது மணல்தான் இருக்கிறது என்றான்.